பாவைகளின் முதுகுப்பக்கம்: புதிய கற்கால மக்கள் என்ன உடுத்தினார்கள்?

கேள்வி: புதிய கற்காலத்துச் சுடுமண் பாவைகளும் கற்பாவைகளும் பெரும்பாலும் ஆடையின்றியே காணப்படுகின்றன. அப்படியானால் அந்த மக்கள் ஆடை அணியவில்லையா? இந்தப் பாவைகளை வைத்து அவர்களுடைய உடை, நகை பற்றி நம்பகமாக என்ன சொல்ல முடியும்?

அணிந்தார்கள், அதில் ஐயமில்லை. நூல் நூற்றார்கள், முடைந்தார்கள், நெய்தார்கள், தோலைப் பதப்படுத்தித் தைத்தார்கள். இவற்றுக்கு நேரடிச் சான்றுகளே உண்டு, பின்னால் வருகிறேன். பாவை வெற்றுடம்போடு நிற்பதால் அதைச் செய்தவரும் வெற்றுடம்போடு திரிந்தார் என்று முடிவுகட்டும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

நம் கோயில்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனியில் இடையாடை உண்டு. ஆனால் அது தொடைமீது ஓடும் மெல்லிய கோடுகளாகவும் ஒரு விளிம்பாகவும் மட்டுமே தெரியும். அருங்காட்சியகத்தில் பார்க்கும் பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. அதே திருமேனி கோயிலில் இருந்தால் பட்டும் மாலையும் சாத்தி, முகமும் கையும் மட்டும் தெரிய நிற்கும். ஏழாயிரம் ஆண்டுகள் கழித்து, பட்டும் பூவும் மக்கிப்போன பிறகு, உலோகத்தை மட்டும் தோண்டி எடுப்பவர் நம்மைப் பற்றி என்ன எழுதுவார்? புதிய கற்காலப் பாவைகளின் முன் நாம் ஏறக்குறைய அந்த நிலையில்தான் நிற்கிறோம்.

இது வெறும் ஒப்புமைக்காகச் சொன்னது இல்லை. செர்பியாவில், பெல்கிரேடுக்கு அருகே டான்யூப் ஆற்றங்கரையில் வின்ச்சா என்ற ஊர் இருக்கிறது. மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வீடு கட்டி, இடிந்ததன்மேல் மீண்டும் கட்டி உருவான மேடு அது. 1908-இல் மிலோயே வாசிச் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 5400 முதல் 4500 வரையிலான ஒரு பெரும் பண்பாட்டுக்கே இன்று அந்த ஊரின் பெயர்தான். அந்த மேட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுடுமண் பாவைகள் வந்திருக்கின்றன. முக்கோண, ஐங்கோண முகங்கள், பெரிய கண்கள், கிளை முறித்தது போன்ற குட்டைக் கைகள். அந்தக் கைகளின் நுனியிலும் தலையின் ஓரங்களிலும் பல பாவைகளில் சிறு துளைகள் இருக்கின்றன. ஏதோ கோத்துக் கட்டுவதற்கான துளைகள். நூலோ, இறகோ, மணியோ, துணிக் கீற்றோ, கட்டியது மக்கிவிட்டது, துளை நிற்கிறது. ஆகவே வெறுமையாகத் தெரியும் பாவைகூட ஒரு காலத்தில் அலங்கரிக்கப்பட்டதாக இருந்திருக்கலாம்.

ஆடை கீறப்பட்ட பாவைகளும் அதே மேட்டில் ஏராளம். ஈரக் களிமண்ணில் கூர்முனையால் கோடு இழுத்து, சிலவற்றில் அந்தக் கோட்டுக்குள் வெள்ளைப் பசையைத் திணித்திருக்கிறார்கள். சிலவற்றில் செந்நிறம் பூசியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் கூராக இறங்கும் கழுத்து, இடுப்பில் இறுகித் தொடங்கும் கீழாடை, முன்புறம் மட்டும் தொங்கும் துண்டு, தோளிலிருந்து குறுக்கே வரும் பட்டை. எந்த இடங்களில் கோடு விழுகிறது என்று நிதானமாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். துணியின் நடுப்பரப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆடை தொடங்கும் கழுத்து, அது இறுகும் இடுப்பு, அது முடியும் கீழ்விளிம்பு, இவற்றில்தான் அவர்கள் கை நின்று உழைத்திருக்கிறது. நம் சேலையில் கரையும் முந்தானையும் பேசுவதைப் போல அங்கே விளிம்பு பேசியிருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். பாவை செய்தவர் ஆடையின் முழு வடிவத்தைப் பதிவுசெய்ய உட்காரவில்லை. ஓர் ஆளை இன்னார் என்று அடையாளம் காட்டும் பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கீறினார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு செர்பியாவின் ப்ளோச்னிக் என்ற வின்ச்சா பண்பாட்டு ஊரில் கிடைத்த பாவைகளைப் பற்றி 2007-இல் உலகெங்கும் செய்தி பரவியது. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் குட்டை மேற்சட்டையும் மினி ஸ்கர்ட்டும் அணிந்தார்கள் என்பது அதன் சாரம். படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் அந்தப் பண்பாட்டுப் பாவைகளில் கால்கள் பெரும்பாலும் குறுக்கப்பட்டிருக்கும். பல பாவைகள் தொடைக்குக் கீழே ஒரு தூண்போல முடிந்துவிடும். கை முழுதாக இல்லை, முகம் மனித அளவில் இல்லை, கால் இல்லவே இல்லை என்னும்போது, பாவாடையின் நீளத்தை மட்டும் அளவுகோல் வைத்து எப்படி அளப்பது? இடுப்பிலிருந்து ஆடை தொடங்கியது, அதற்குக் கரை இருந்தது என்பதுவரை சொல்லலாம். முழங்காலுக்கு மேலா கீழா என்பதை அந்தக் களிமண் சொல்லாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: கயிற்றுப் பாவாடை. இடுப்புப் பட்டியிலிருந்து வரிசையாகத் தொங்கும் முறுக்குக் கயிறுகள்தான் அந்த ஆடை. வின்ச்சா பாவைகள் சிலவற்றிலும், உக்ரைனின் ஷிபின்ட்சி போன்ற த்ரிபிலியா பண்பாட்டு இடங்களில் கிடைத்த பாவைகளிலும், இடுப்புக்குக் கீழே நெருக்கமான செங்குத்துக் கோடுகளாக இது கீறப்பட்டிருக்கிறது. பழந்துணிகளை ஆய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர் இதன் தடத்தை இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோனார். 1922-இல் பிரான்சின் லெஸ்ப்யூக் குகையில் கிடைத்த மாமூத் எனும் அழிந்துபோன யானையினத்தின் தந்தத்தாலான பாவை சுமார் 25,000 ஆண்டு பழையது. அதன் பின்புறத்தில், பிட்டத்துக்குக் கீழே, கயிறுகள் தொங்குகின்றன. ஒவ்வொரு கயிற்றிலும் முறுக்கு தெரியும்படி செதுக்கியிருக்கிறார்கள். நுனியில் பிரி அவிழ்வதையும் காட்டியிருக்கிறார்கள். அதாவது, அது தோல் வார் அல்ல, திரித்த நார்க்கயிறு என்பதைப் பார்ப்பவர் அறிய வேண்டும் என்று அந்தச் சிற்பி விரும்பியிருக்கிறார்.

இதற்கு நேரடிச் சான்று உண்டா? புதிய கற்காலத்திலிருந்து ஒரு முழுப் பாவாடையும் கிடைக்கவில்லை. ஆனால் டென்மார்க்கின் எக்ட்வெட் என்ற ஊரில் 1921-இல் ஒரு கருவாலி (ஓக்) மரச் சவப்பெட்டி கிடைத்தது. பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் இருந்த ஒரு பெண்ணை அதில் வைத்திருந்தார்கள். காலம் ஏறத்தாழ பொ.ஆ.மு. 1370. அவள் உடுத்தியிருந்தது கம்பளிக் கயிறுகளால் ஆன குட்டைப் பாவாடை. வெண்கலக் காலம்தான், ஆனாலும் பாவைகளில் கோடாகக் கண்ட பொருளைக் கையில் தொடும்படி கண்ட தருணம் அது. பால்கன் நாட்டுப்புறப் பெண்களின் உடையில் முன்னும் பின்னும் நீண்ட குஞ்சம் தொங்கும் துண்டுகள் அண்மைக் காலம்வரை இருந்ததையும் பார்பர் இதே மரபில் வைக்கிறார். இவ்வளவு நீண்ட தொடர்ச்சியை முழுதாக ஏற்க எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஒரே யோசனை வேறு வேறு இடங்களில் தனித்தனியே தோன்றவும் கூடும். அவர் எழுப்பிய கேள்விக்கு மட்டும் மறுப்பே கிடையாது: கயிற்றுப் பாவாடை குளிரைத் தடுக்காது, உடலையும் மறைக்காது, பின் எதற்கு?

அரைஞாண் கட்டி வளர்ந்த நமக்கு விடை எளிது. அரைஞாண் எதை மறைக்கிறது? எதையும் இல்லை. ஆனாலும் அதுகூட இல்லாத உடம்பைத்தான் வெற்றுடம்பு என்று நினைக்கிறோம். பார்பரின் கருத்தில் அந்தப் பாவாடை ஒரு பெண்ணின் நிலையைச் சொன்னது; அநேகமாக, அவள் பிள்ளைப்பேற்றுக்கு உரிய பருவத்தை எட்டிவிட்டாள் என்பதை. அவர் சொல்லும் பொருள் சரியோ இல்லையோ, ஆடை மறைப்பதற்கு மட்டுமே பிறந்தது என்ற எண்ணத்தைப் பாவைகள் அடியோடு அசைத்துவிடுகின்றன.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. கீறிய கோடு துணிதான் என்று எப்படித் தெரியும்? பச்சை குத்தலாக இருக்கலாம், உடல்மீது தீட்டிய வண்ணமாக இருக்கலாம், வெட்டுத் தழும்பாகவும் இருக்கலாம். ருமேனியா, மால்டோவா, உக்ரைன் பகுதிகளில் பரவியிருந்த குக்குட்டேனி–த்ரிபிலியா பண்பாட்டின் பாவைகள் சிலவற்றில் கழுத்திலிருந்து கால்வரை இடைவெளியின்றிக் கோடுகள் ஓடுகின்றன. துணியென்றால் எங்கோ ஒரு விளிம்பு தெரிய வேண்டும், இவற்றில் தெரிவதில்லை. அத்தகையவற்றை ஆடைக் கணக்கில் சேர்க்க நான் அஞ்சுவேன். துருக்கியின் புதிய கற்கால ஊரான சத்தால்ஹூயூக்கிலும் பால்கன் பகுதியிலும் சுடுமண் முத்திரைகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் சுருள், வளைகோடு, கட்டம் எல்லாம் உண்டு. தோலில் குத்தினார்களா, துணியில் அச்சிட்டார்களா, இரண்டிலுமா என்று முத்திரை சொல்வதில்லை.

துருக்கியின் உர்ஃபா நகரத்தில் கட்டட வேலையின்போது வெளிவந்த ஆளுயரக் கற்சிலையும் இதே புதிர்தான். 1.80 மீட்டர் உயரம், ஏறத்தாழ பொ.ஆ.மு. 9000, கண்ணில் அப்சிடியன் எரிமலைக் கண்ணாடிச் சில்லு. கழுத்தில் கூராக இறங்கும் இரட்டைக் கோடு. அதைத் தவிர உடம்பில் வேறெதுவும் இல்லை. அந்தக் கோடு கழுத்தணியா, மேலாடையின் விளிம்பா? எனக்குக் கழுத்தணியாகத்தான் படுகிறது. மேலாடை என்றால் அது எங்கே முடிகிறது என்ற சுவடு இருக்க வேண்டும். அதே வட்டாரத்தில், க்ளாவ்ஸ் ஷ்மிட் 1995 முதல் அகழ்ந்த கோபெக்லி தெபேயில், கைகள் செதுக்கப்பட்ட பெருந்தூண்கள் நிற்கின்றன. ஒரு தூணின் இடுப்பில் கச்சை, கச்சையில் கொக்கி, கொக்கிக்குக் கீழே நரித்தோல், காலும் வாலும் தொங்க. இங்கே ஐயத்துக்கு இடமில்லை. நரி எலும்புகளும் அந்த இடத்தில் நிறையவே கிடைத்திருக்கின்றன.

இப்படி உருவமும் பொருளும் கைகோக்கும் இடங்களில்தான் நாம் துணிந்து பேசலாம். இடைக்கச்சை அப்படிப்பட்ட ஒன்று. ஹங்கேரியின் செக்வார்–த்யூஸ்கோவெஷில் கிடைத்த, தோளில் அரிவாள் சாய்த்து அமர்ந்திருக்கும் ஆண் பாவையின் இடையில் அகன்ற பட்டையும் கைகளில் வளைகளும் உண்டு. சத்தால்ஹூயூக் கல்லறைகளில் எலும்பால் செய்த கச்சைக் கொக்கிகளே கிடைத்திருக்கின்றன. ஈஜியன் கடற்கரையில் எடுத்த ஸ்பாண்டிலஸ் சிப்பியை வளையாகவும் மணியாகவும் அறுத்து, ஆறுகள் வழியே ஜெர்மனி, பிரான்ஸ் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வளைகள் கல்லறையில் கை எலும்பைச் சுற்றியே கிடக்கின்றன. பாவையின் புயத்தில் இரண்டு மூன்று வட்டக் கீறல் கண்டால் வளை என்று படிக்க இதைவிட என்ன உறுதி வேண்டும்?

நம் துணைக்கண்டத்தில் பலுச்சிஸ்தானின் மெஹர்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ழான்-பிரான்சுவா ஜரீஜ் தலைமையில் 1974 முதல் அகழப்பட்ட இடம். அங்கே புதிய கற்காலப் பாவைகள் மிக எளிமையானவை: சுடாத களிமண், சேர்த்து நீட்டிய கால்கள், சிலவற்றில் ஒட்டுக் களிமண்ணால் ஒரு கழுத்தணி. அவற்றை மட்டும் பார்த்தால் எளிய ஒரு சமுதாயம் என்று நினைத்துவிடுவோம். ஆனால் அதே மக்களின் கல்லறையில் கடற்சிப்பி மணிகளால் ஆன இடையணியும் தலைப்பட்டையும், லாபிஸ் லசூலி எனும் நீலக்கல்லும், டர்க்காய்ஸ் எனும் பச்சைநீலக் கல்லும் இருக்கின்றன. பொ.ஆ.மு. ஆறாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையில் இறந்தவரின் மணிக்கட்டருகே எட்டுச் செப்பு மணிகள் கிடந்தன. அவற்றுள் ஒன்றில், செம்பின் துரு காத்துவைத்ததால், கோத்த நூலின் இழைகள் பிழைத்திருந்தன. 2002-இல் வெளியான ஆய்வு அது பருத்தி என்று காட்டியது. பருத்தியின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, ஒரு மணியின் துளைக்குள்! பாவை ஒரு களிமண் உருளையால் காட்டிவிட்டுப்போன கழுத்தணிக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது. மிகப் பிந்தி, பொ.ஆ.மு. 2600-ஐ ஒட்டித்தான் மெஹர்கர்ப் பாவைகள் பெருங்கொண்டை, அடுக்கடுக்கான கழுத்தணி, ஆண்களுக்குத் தலைப்பாகை என்று செழிக்கின்றன. அருங்காட்சியகங்களிலும் ஏலப் பட்டியல்களிலும் நாம் காண்பவை இவையே. இவற்றைப் புதிய கற்கால உடைக்குச் சான்றாகக் காட்டுவது தவறு.

முடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாவைகள் மிகத் தெளிவாகப் பேசுவது அங்கேதான். முடி கல்லறையில் மக்கிவிடும். கொண்டையின் வடிவத்தைப் பாவையைத் தவிர வேறெதுவும் காக்காது. துருக்கியின் ஹாஜிலார் பாவைகளில் சிலவற்றுக்கு முதுகில் பின்னல் தொங்குகிறது, சிலவற்றுக்கு உச்சியில் கொண்டை. த்ரிபிலியா பாவைகள் சிலவற்றில் நீண்ட முடி முதுகின் வழியே இறங்கி ஒரு வட்ட முடிச்சில் முடிகிறது. இஸ்ரேலில், யார்முக் ஆற்றங்கரையின் ஷார் ஹகோலான் பாவைகளில் காதணியும் தோளைச் சுற்றிய துண்டும் தெரிகின்றன. அவற்றின் நெடிய தலை தொப்பியா முகமூடியா என்று ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, சாக்கடல் அருகே நஹல் ஹெமார் குகையில், ஆளிச் செடியின் நாரால் முடிச்சிட்ட வலைத்தொப்பி ஒன்று இருந்தது. நெற்றிப் பக்கம் ஒரு பச்சைக்கல் மணி. 1983-இல் அகழ்ந்தது. வறண்ட குகை அதைக் காத்துவைத்தது. ஆகவே தலையணி மரபு அந்த நிலத்துக்குப் பழையது என்பதாவது உறுதி.

நாரைப் பற்றிய ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். புதிய கற்காலத் துணி என்றதும் கம்பளி என்று எழுதிவிடுகிறார்கள். அக்காலச் செம்மறி ஆடுகளுக்கு நூற்கத் தகுந்த கம்பளி இல்லை; அது வந்தது மிகப் பிந்தி. சத்தால்ஹூயூக்கில் 1960-களில் கிடைத்த கருகிய துணிகள் கம்பளியா ஆளியா என்று அரை நூற்றாண்டு வாதாடினார்கள். அங்கே பிற்பாடு கிடைத்த துணிகளை ஆராய்ந்த ராஸ்ட்-ஐகர், கார்க், பெண்டர் யோர்கென்சன் ஆகிய மூவரும் 2021-இல் வெளியிட்ட முடிவு: பெரும்பாலும் கருவாலி மரப்பட்டையின் உள்நார். வீட்டுக்கு உத்தரமாகிய அதே மரம் துணிக்கும் நார் தந்திருக்கிறது. இதைப் பாவை எதுவும் சொல்லியிருக்க முடியாது.

பாவைகள் மறைப்பதும் உண்டு. தென்கிழக்குத் துருக்கியின் பொன்ஜுக்லு தார்லாவில், சுமார் 11,000 ஆண்டு பழைய கல்லறைகளில், நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், காதணிகளும் உதட்டணிகளுமாக, கிடைத்தன; பல, காது, வாய் இருந்த இடத்தருகிலேயே கிடந்தன. 2024-இல் வெளியான அந்த ஆய்வின்படி அணிந்தவர்கள் ஆணும் பெண்ணுமாகப் பெரியவர்கள் மட்டுமே, குழந்தைகளுக்கு இல்லை. உதட்டணி உரசித் தேய்ந்த கீழ்ப்பற்கள்கூடத் தெரிகின்றன. வளர்ந்தவர் என்ற தகுதிக்கு உடலில் துளையிட்டிருக்கிறார்கள். அக்காலத்துச் சிற்றுருவங்களில் இதைத் தேடினால் ஏமாற்றம்தான், முகத்தில் வாயே பெரும்பாலும் இருப்பதில்லை. குளிராடையும் அப்படியே. ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கிடைத்த ஓட்ஸி, செம்புக் காலத்து மனிதர், வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் சேர்த்துத் தைத்த மேலங்கி, கால்களை மூடும் வெள்ளாட்டுத் தோல் உறைகள், கரடித்தோல் தொப்பி எல்லாம் அணிந்திருந்தார். அதே போன்ற உடை பனி பெய்யும் ஐரோப்பாவில் அவருக்கு முன்பும் இருந்தே தீரும். பாவைகளில் அது ஏன் இல்லை? உயிர் காத்த ஆடையைப் பாவையில் காட்டத் தேவையில்லை என்று எண்ணியிருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பாவாடை அணிந்த பாவை எல்லாம் பெண், பெண் எல்லாம் தாய்த்தெய்வம் என்று பழைய நூல்கள் அடுக்கும். தொல்லியலாளர் பீட்டர் உக்கோ 1968-இலேயே இதை மறுத்தார். பல பாவைகளில் பால் அடையாளமே இல்லை. ஆடையை வைத்துப் பெண் என்று முடிவுசெய்துவிட்டு, பிறகு அதையே பெண்கள் உடைக்குச் சான்றாகக் காட்டுவது செக்குமாடு சுற்றுவதைப் போன்றது. அடுத்தது போலிகள். ஹாஜிலார் பெயரில் விற்பனைக்கு வந்த பொருட்களை ஆக்ஸ்போர்டில் 1971-இல் சுடுமண் எப்போது சுடப்பட்டது என்று காட்டும் வெப்ப ஒளிர்வு முறையில் சோதித்தபோது பாதிக்கு மேல் புதியவை என்று தெரிந்தது. மண்ணின் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற பதிவு இல்லாத பாவையின் ஆடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் படங்களைத் தேடிப் பார்க்கப் போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். முன்புறப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். லெஸ்ப்யூக்கின் கயிறுகள் பின்னால் இருக்கின்றன, த்ரிபிலியா முடிச்சு பின்னால் இருக்கிறது, ஹாஜிலார் பின்னலும் வின்ச்சா மேலாடையின் இரண்டாவது கழுத்து வளைவும் பின்னால்தான். அகழாய்வு அறிக்கைகளில் ஒவ்வொரு பாவைக்கும் முன், பக்கம், பின் என மூன்று வரைபடங்கள் இருக்கும். மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள்.